இடுப்புயரத்தில் தோட்ட ரயில்: முதலில் மேடை, பிறகுதான் ரயில்

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீட்டின் பின்புறம் 30 அடிக்கு 20 அடி காலி இடம். வீட்டுச் சுவரிலிருந்து பின் மதில் வரை ஓர் அடி சரிவு. ஒரு மூலையில் முருங்கை மரம். மண் பெரும்பாலும் கரிசல். எழுபதைத் தாண்டிய அப்பாவும் ஏழு வயது மகளும் சேர்ந்து ஓட்டும்படி ஒரு தோட்ட ரயில் அமைக்க வேண்டும். தரையில் போடுவதா, தூண் நிறுத்தி உயர்த்திப் போடுவதா? எந்த அளவு ரயில்? முதலில் எதை வாங்குவது?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் வாங்காதீர்கள். ஆசை அதில்தான் இருக்கும், தெரியும். ஆனால் தோட்ட ரயில் நன்றாக ஓடுவதும் ஓடாததும் எஞ்சினைவிடத் தண்டவாளத்தின் அடியில் இருப்பதைப் பொறுத்தது. மட்டமான, அசையாத, தண்ணீர் தேங்காத மேடை இருந்தால் சாதாரண எஞ்சினும் பல வருடம் உழைக்கும். மேடை ஒரு பக்கம் இறங்கினால் எவ்வளவு விலை உயர்ந்த எஞ்சினும் அதே இடத்தில் தினமும் கவிழும். உங்கள் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் மேடைக்கென்று ஒதுக்குங்கள்.

தரையா, உயரமா என்ற கேள்விக்கு என் பதில் தயக்கமில்லாமல் உயரம்தான். உங்கள் அப்பாவின் முழங்கால் ஒரு காரணம். தடம் மாறிய பெட்டியை ஏற்றுவது, இணைப்பு மாட்டுவது, தண்டவாளத்தைத் துடைப்பது என்று இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை கையால் நடப்பது. தரையில் போட்டால் அத்தனையும் குந்தி உட்கார்ந்து செய்ய வேண்டும். மழை இன்னொரு காரணம். நம் ஊர் மழை தரையில் அறைந்து தெறிக்கும்போது சேறு ஓர் அடிக்கு மேல் எழும்பும். தரையோடு கிடக்கும் தண்டவாளத்தில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண் படியும், எறும்பு புற்று வைக்கும், நத்தை ஏறும். பார்வையின் சுகமும் இருக்கிறது. மேலிருந்து குனிந்து பார்த்தால் தெரிவது பெட்டிகளின் கூரை மட்டும்தான். நெஞ்சுயரத்தில் வந்தால் சக்கரம் சுற்றுவது, சக்கரங்களை இணைக்கும் கோல் ஏறி இறங்குவது, பெட்டி வளைவில் மெல்லத் திரும்புவது எல்லாம் கண்ணுக்கு நேரே நடக்கும். ஏழு வயதுக் குழந்தைக்கு அது பெரிய விஷயம்.

பிரிட்டனில் தோட்ட ரயில் வைத்திருக்கும் பலர் உயரத்துக்குப் போனதற்கு நீராவியும் காரணம். அங்கே உண்மையான நீராவி எஞ்சின்கள் இந்த அளவில் ஓடுகின்றன. 1982 முதல் இயங்கும் டான்காஸ்டரின் ரவுண்டவுஸ் நிறுவனம் அவற்றுக்குப் பெயர் பெற்றது. அவற்றில் எண்ணெய் விட வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், பியூட்டேன் வாயு ஏற்றிப் பற்றவைக்க வேண்டும். நின்றுகொண்டே செய்ய வசதியான உயரம் இடுப்பு. நீங்கள் இப்போது நீராவியை நினைக்க வேண்டாம். ஆனாலும் பாதையை நீராவிக்கு ஏற்ற மாதிரி, அதாவது முழுச் சமமட்டமாக, கட்டிவிடுங்கள். ரிமோட் இல்லாத நீராவி எஞ்சின் இறக்கத்தில் பாய்ந்து ஏற்றத்தில் நின்றுவிடும். அதற்குத் தகுந்த மட்டம் கிடைத்துவிட்டால் வேறு எந்த எஞ்சினும் அதில் ஓடும்.

அடுத்தது அளவு. 45 மி.மீ. தண்டவாளம், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 45 மி.மீ. உள்ளது, எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் நியூரம்பெர்க்கின் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் தோட்டத்துக்கென்று ரயில்களைக் கொண்டுவந்தபோது, ஆல்ப்ஸ் மலையில் ஓடும் மீட்டர் கேஜ் ரயில்களை மனதில் வைத்து 1:22.5 என்ற அளவைப் பிடித்தது. 45-ஐ 22.5-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1012 மி.மீ. கிட்டத்தட்ட மிகச் சரியாக ஒரு மீட்டர். தமிழ்நாட்டின் பெரும் பகுதியைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த மீட்டர் கேஜ், உங்கள் தோட்டத்தில் எந்தச் சமரசமும் இல்லாமல் உட்காரும். இன்றைய பிராட் கேஜ் அப்படி உட்காராது. 1676 மி.மீ. அகலத்தை 1:22.5-இல் சுருக்கினால் 74 மி.மீ. வரும், அதற்குக் கடையில் தண்டவாளம் கிடையாது. இரண்டடிப் பாதையான டார்ஜிலிங் ரயில்தான் வேண்டும் என்பவர்கள் 32 மி.மீ. தண்டவாளத்தில் 1:19 அளவுக்குப் போகலாம். நீங்கள் கோவைக்காரர், மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருக்கிறது. நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ். அதன் எக்ஸ் வகை எஞ்சின்களை முதலில் செய்து அனுப்பியது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலை. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையும் செய்தது. எல்ஜிபி நிறைய விற்கும் சுவிஸ் மலை ரயில்களும் நம் ஊட்டி ரயிலும் உறவுக்காரர்கள் என்றே சொல்லலாம்.

இனி வரைபடம். 30 அடிக்கு 20 அடி என்பது சுமார் 9.1 மீட்டருக்கு 6.1 மீட்டர். நான்கு பக்கமும் ஓர் அடி விட்டு, மூலைகளில் 1.5 மீட்டர் ஆரமுள்ள வளைவு வைத்தால், ஒரு சுற்று 25 மீட்டர் அளவில் வரும். நிஜத்தில் அது 560 மீட்டர். மலை ரயில் சமதளத்தில் ஓடும் 30 கி.மீ. வேகத்தை இதே அளவில் குறைத்தால் நொடிக்கு 37 செ.மீ.; ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். பார்க்க நிதானமாக, அழகாக இருக்கும். பெட்டிக்குள் சுருட்டி வரும் தொடக்கச் செட்டுகளில் 60 செ.மீ. ஆர வளைவுகள் இருக்கும். அவை வீட்டுக்குள் தரையில் ஓட்டிப் பார்க்கச் சரி. உயர்ந்த மேடையில் அவை வேண்டாம். வளைவு இறுகினால் நீளமான பெட்டியின் நடு உள்பக்கமும் முனை வெளிப்பக்கமும் துருத்தும், சக்கர விளிம்பு தண்டவாளத்தைத் தேய்க்கும், இழுவை கூடும், தடம் மாறும் வாய்ப்பும் கூடும். தரையில் தடம் மாறினால் பெட்டி சாயும். மூன்றடி உயரத்தில் மாறினால் எஞ்சின் கீழே போகும்.

ஒரே ஒரு பக்கப் பாதை, இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று கடந்து செல்லும் அளவுக்கு, வீட்டுப் பக்கத்து நேர்ப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பாயின்ட், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் அமைப்பு, இரண்டு போதும். வெளியில் கிடக்கும் பாதையில் அதிகம் தொல்லை தருபவை பாயின்ட்டுகள்தான். எண்ணிக்கையைக் குறையுங்கள், கை எட்டும் இடத்தில் வையுங்கள், முருங்கைக்கு அடியில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். முருங்கைப் பூவும் அந்தச் சின்ன இலைகளும் பாயின்ட்டின் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள சந்தில் கச்சிதமாகப் போய் உட்காரும். வேம்பும் புளியும் இதே ரகம். முருங்கைக் கிளை காற்றுக்கு எளிதில் முறியும் என்பதால் அந்த மூலையில் மேலே தொங்கும் கிளைகளை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

உயரத்தை முடிவு செய்வது இரண்டாவது வேலை. நிலம் ஓர் அடி சரிகிறது. பாதை சரியக் கூடாது. ஆகவே வீட்டுப் பக்கம் 70 செ.மீ. வைத்தால் பின் மதில் பக்கம் தானாக 100 செ.மீ. ஆகிவிடும். இது உங்கள் வீட்டுக்குப் பொருத்தமான ஏற்பாடு. 70 செ.மீ. பக்கத்தில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி ரயிலைக் கையாளலாம், மேசை உயரம்தான். மதில் பக்கத்தில் மகளின் கண்ணுக்கு நேராக ரயில் ஓடும்.

மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலைவிட நல்ல கருவி இதற்கு இல்லை. உள்ளே தண்ணீர் தெரியும்படியான பிளாஸ்டிக் குழாய் பதினைந்து மீட்டர் வாங்கித் தண்ணீர் நிரப்புங்கள். குழாயில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். ஆகவே இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துத் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள். ஒரு முனையை வீட்டுச் சுவரில் போட்ட குறியில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு தூணுக்கும் கொண்டுபோய்க் குறி போடுங்கள். தூணிலிருந்து தூணுக்கு மட்டத்தைக் கடத்தாதீர்கள், ஒவ்வொரு தடவையும் சுவர்க் குறியிலிருந்தே எடுங்கள். கடத்திக்கொண்டே போனால் ஒவ்வொரு மில்லிமீட்டர்ப் பிழையும் சேர்ந்து, சுற்றி முடித்துத் திரும்பும்போது ஒரு விரற்கடை வித்தியாசம் நிற்கும்.

தூண்தான் இந்தப் பதிலின் மையம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

செம்மண்ணாக இருந்தால் ஒன்றரை அடி தோண்டி, அடியில் ஜல்லி இடித்து, கான்கிரீட் போட்டுத் தூண் எழுப்பினால் போதும். கரிசலில் அது நடக்காது. மழையில் கரிசல் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். ஈரம் ஏறி இறங்குவதால் வரும் இந்த அசைவு மூன்று மீட்டர் ஆழத்தையும் தாண்டுவது உண்டு. தோட்ட ரயிலுக்காக யாரும் அவ்வளவு ஆழம் தோண்டப்போவதில்லை. இரண்டரை அடி தோண்டி, குழியின் அடியிலும் பக்கங்களிலும் கரிசலுக்குப் பதில் கிராவல் நிரப்பி இடித்தால் அசைவு குறையும், நிற்காது. அதனால் அசைவை ஏற்றுக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை ஸ்பேனர் வைத்துத் திருத்தும்படி தூணின் தலையை அமைக்க வேண்டும்.

அதற்கு நான் பரிந்துரைக்கும் முறை இது. ஆறு அங்குல பிவிசி குழாயைத் தேவையான நீளத்துக்கு அறுத்துக் குழியில் நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து நேராக்கி, உள்ளே இரண்டு 12 மி.மீ. கம்பி விட்டுக் கான்கிரீட் நிரப்புங்கள். குழாயே அச்சு, பிரிக்க வேண்டியதில்லை. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே, பாதைக்குக் குறுக்காக, 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு எம்-10 (10 மி.மீ. விட்டமுள்ள) திரெட் கம்பிகளை ஓர் அடி ஆழத்துக்குச் செருகி, மேலே 10 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாக வாங்குங்கள். இங்கே மிச்சம் பிடிக்கும் பணம் சில மழைக்காலங்களில் துருவாகத் திரும்பிவரும். அந்தக் கம்பிகளில் ஆளுக்கொரு நட் போட்டு, அதன்மேல் 30 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் கொண்ட ஓர் இரும்புத் தகடு, தகட்டின் மேல் இன்னொரு நட். கல்வனைஸ் செய்த 6 மி.மீ. தகடு நல்லது. இந்தத் தகட்டில்தான் பாதைப் பலகைகளின் முனைகள் வந்து உட்காரும். எம்-10 கம்பியில் நட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் தகடு 1.5 மி.மீ. ஏறும் அல்லது இறங்கும். கால் சுற்றில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தகட்டுக்குக் கீழே இரண்டு கம்பிகளிலும் உள்ள நட்டுகளைச் சேர்த்துச் சுற்றினால் உயரம் மாறும். ஒன்றை மட்டும் சுற்றினால் குறுக்குச் சாய்வு மாறும். ரசமட்டத்தைத் தகட்டின் மேல் வைத்துக்கொண்டு அந்தக் கால் சுற்றைக் கொடுத்துப் பாருங்கள். குமிழ் நகர்ந்து நடுக்கோட்டுக்குள் வந்து நிற்கும்.

இந்த நுணுக்கம் அவசியமா என்றால், குறுக்குச் சாய்வுக்கு நிச்சயம் அவசியம். நீளவாக்கில் அடுத்தடுத்த தூண்களுக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் ரயிலுக்குத் தெரியாது. குறுக்குவாக்கில் 45 மி.மீ. அகலத்துக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும், 15 செ.மீ. உயரப் பெட்டியின் உச்சி 3 மி.மீ.க்கு மேல் சாயும். வெறும் கண்ணுக்கே தெரியும்.

நேர்ப்பகுதிகளில் மூன்றடிக்கு ஒரு தூண், வளைவுகளில் இரண்டடிக்கு ஒன்று. மொத்தம் 34 தூண் அளவில் வரும். கொத்தனார் தெரிந்தவராக இருந்தால், குழாய்க்குப் பதில் ஒன்பது அங்குலச் செங்கல் தூணாகக் கட்டிப் பூசிவிடலாம். பார்வைக்கு அது இன்னும் அழகு. தலையில் கம்பியும் தகடும் மட்டும் இதே மாதிரி இருக்கட்டும்.

மேலே போடும் பலகைக்கு மேலைநாடுகளில் மரம், மறுசுழற்சி பிளாஸ்டிக், கலப்புப் பலகை என்று பல வழிகள் இருக்கின்றன. நம் ஊரில் மரத்துக்குக் கரையானும் வெயிலும் எதிரி. மெரைன் பிளைவுட் கூட வெட்டவெளியில் நாளடைவில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். பிளாஸ்டிக் பலகை கரையானுக்குத் தப்பும், ஆனால் வெயிலில் நீளும்: கான்கிரீட்டைப்போல் பத்து மடங்குக்கும் மேல். என் தேர்வு கடப்பா கல். ஓர் அடி அகலம், மூன்றடி நீளம், ஒன்றரை அங்குல தடிமன் உள்ள ஒரு பலகை 28 கிலோ அளவில் இருக்கும். இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். வெயிலில் சுடும், ஆனால் வளையாது, உளுக்காது, கரையான் தொடாது. வாங்கும்போது ஒவ்வொரு பலகையையும் சுண்டிப் பாருங்கள். மந்தமாக ஒலிப்பதில் உள்ளே விரிசல் இருக்கும், எடுக்காதீர்கள். வளைவுக்குக் கல் அறுக்கும் கடையிலேயே முனைகளைச் சாய்வாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு மூலைக்கு நான்கு பலகை, ஒவ்வொரு முனையிலும் பதினொன்றேகால் டிகிரி. ஓர் அட்டையில் முழு அளவில் வரைந்து கொண்டுபோனால் கடைக்காரருக்குச் சந்தேகம் வராது.

பலகைக்கும் பலகைக்கும் இடையில் 2 செ.மீ. சந்து விடுங்கள். கம்பியும் நட்டும் அந்தச் சந்தில்தான் நிற்கும். கல் நீள்வதற்கு இடமும் அதுதான். மழைத் தண்ணீர் இறங்கும் வழியும் அதுதான். சந்தின் மேல் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டால் ஜல்லி விழாது, தண்ணீர் மட்டும் இறங்கும். வெளி விளிம்பில் 3 செ.மீ. உயரத்துக்கு ஒரு சின்னக் கரை, சிமென்டாலோ கல் துண்டாலோ, பாதை முழுவதும் கட்டாயம் வேண்டும். தடம் மாறிய எஞ்சினைக் கீழே விழாமல் நிறுத்துவது அதுதான்.

தண்டவாளத்தை இந்தக் கல்லோடு இறுக்கிப் பிணைத்துவிடக் கூடாது. பித்தளைத் தண்டவாளம் 10 மீட்டர் நீளத்தில், 40 டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு, ஏழரை மில்லிமீட்டர் நீளும். மார்கழி விடியற்காலைக்கும் சித்திரை மதியத்துக்கும் இடையில், வெயில் நேரே படும் உலோகத்துக்கு 40 டிகிரி சாதாரணம். கல் அதில் பாதி அளவுகூட நீளாது. இரண்டையும் பிணைத்தால் தண்டவாளம் பக்கவாட்டில் பாம்புபோல் நெளிந்துவிடும். ஒன்றரை மீட்டர்த் துண்டுகளாகப் போடுங்கள். காலைக் குளிரில் போடுவதானால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சந்து. உச்சி வெயிலில் போடுவதானால் சந்தே வேண்டாம், இரவில் தானாக விரியும். பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றை இடையில் செருகி வைத்தால், அதன் தடிமன் முக்கால் மில்லிமீட்டர், அளவு கைக்கு வந்துவிடும். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டையான ஸ்லீப்பரைத் திருகாணியால் இறுக்குவதற்குப் பதில், பொடி ஜல்லியில் புதைத்து மிதக்கவிடுங்கள். மீட்டருக்கு ஓர் இடத்தில் மட்டும், கல்லில் துளை போட்டு, துளையைவிடச் சிறிய திருகாணியைத் தளர்வாகப் போட்டால் போதும். பாதை பக்கவாட்டில் நகராது, நீளவாக்கில் மூச்சுவிடும்.

ஜல்லிக்குக் கிரஷரில் கிடைக்கும் சிப்ஸைச் சலித்து 3 முதல் 6 மி.மீ. வரையிலானதை எடுங்கள். கூர்முனையுள்ள கல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஆற்றுக் கூழாங்கல் பார்க்க அழகு, ஆனால் உருண்டுகொண்டே இருக்கும். ஸ்லீப்பர் வெயில் தாங்கும் பிளாஸ்டிக்கா என்று கேட்டு வாங்குங்கள். பொம்மைத் தரத்துப் பிளாஸ்டிக் நம் வெயிலில் வெளுத்துப் பொடிந்துவிடும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் என் கருத்து தெளிவானது: பேட்டரியும் ரிமோட்டும். தண்டவாளத்தின் வழியாக மின்சாரம் கொடுக்கும் பழைய முறையில், பித்தளை கறுக்கும்போதெல்லாம் துடைக்க வேண்டும், இணைப்புகளுக்குக் கிளாம்ப் போட வேண்டும், தூசியும் பனியும் தடையாக வரும். எஞ்சினுக்குள்ளோ பின்னால் ஒரு சரக்குப் பெட்டிக்குள்ளோ நான்கு லித்தியம் செல்களைத் தொடராக இணைத்து வைத்தால் 14.8 வோல்ட் கிடைக்கும். நிதானமான ஓட்டத்துக்கு அது போதும். செல்களோடு பாதுகாப்புச் சுற்றும் அதற்குரிய சார்ஜரும் சேர்த்தே வாங்குங்கள். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பேட்டரி என்று முடிவெடுத்தால் தண்டவாளம் மின்சாரம் கடத்த வேண்டிய அவசியமே இல்லை. பித்தளைக்குப் பதில் விலை குறைந்த அலுமினியம் போடலாம். அலுமினியம் பித்தளையைவிடச் சற்றுக் கூடுதலாக நீளும் என்பதை மட்டும் சந்து விடும்போது கணக்கில் எடுங்கள். தோட்டத்தில் விளக்குக்காக வீட்டு மின்சாரம் இழுப்பதானால் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இழுக்காதீர்கள்.

சுற்றுப்பாதை கட்டினால் நடுவிலிருக்கும் தோட்டத்துக்குள் எப்படிப் போவது? உங்கள் அப்பா குனிந்து நுழையக் கூடாது. வீட்டுப் பக்கத்தில் மூன்றடி அகலத்துக்கு ஒரு தூக்கு பாலம் வையுங்கள். பாம்பனின் பழைய பாலம் இதற்கு நல்ல முன்மாதிரி. 1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம், 2007-இல் பிராட் கேஜாக மாறும் வரை, மீட்டர் கேஜ்தான். கப்பல் வழிக்கான அதன் நடுக்கண் இரண்டு பாதியாகப் பிரிந்து இருபக்கமும் எழும்படி இருந்தது. நமக்கு ஒரே பக்கம் எழுந்தால் போதும். கல்லுக்குப் பதில் ஜிஐ (கல்வனைஸ் செய்த இரும்பு) சதுரக் குழாயில் இலேசாகச் செய்து, ஒரு முனையில் கனமான கீல், மறுமுனையில் எப்போதும் ஒரே இடத்தில் வந்து உட்காரும்படி இரண்டு ஊசிகளும் துளைகளும். கீலின் அச்சு தண்டவாளத்தின் மேல்மட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போது தண்டவாள முனைகள் ஒன்றோடொன்று முட்டும். பாலம் எழுந்திருக்கும் நேரத்தில் ரயில் வந்துவிட்டால் என்ன ஆவது என்பதையும் யோசிக்க வேண்டும். பாலத்தைத் தூக்கியதும் இருபுறமும் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு தடைக்கட்டை தானாக விழும்படி கம்பி இழுத்து இணைத்துவிடுங்கள். ஓட்டுபவர் குழந்தை என்னும்போது இதை நினைவாற்றலுக்கு விட்டுவிட முடியாது.

முருங்கை மூலையில் மேடைக்குக் கீழே தூண்களை மறைத்து வளைவுகள் கட்டிப் பூசினால், செங்கோட்டை–புனலூர் பாதையிலுள்ள கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்தை நினைவூட்டும் ஒன்று கிடைக்கும். அதுவும் 1904 முதல் மீட்டர் கேஜாக இருந்து, பிறகு பிராட் கேஜுக்கு மாறியது. மூலை வளைவில் நான்கு கண்தான் வரும். பரவாயில்லை, வளைந்து போகும் பாலம் நான்கு கண்ணிலும் அழகுதான்.

செடிகளை மேடைக்கு உள்பக்கம் தொட்டி கட்டி வளருங்கள். மேடைத் தூணோடு தொட்டிச் சுவரைச் சேர்க்காதீர்கள். ஈர மண் ஒரு கன அடி 50 கிலோ அளவில் எடை. அந்த அழுத்தம் தூணைத் தள்ளும். 1:22.5 அளவில் 2 செ.மீ. இலை நிஜத்தில் 45 செ.மீ. ஆகிவிடும், எனவே எவ்வளவு சிறிய இலையோ அவ்வளவு நல்லது. ஜேட் செடியைக் கத்தரித்து மரமாக்கலாம். மினி இட்லிப்பூ, சிவப்புப் பொன்னாங்கண்ணி, பத்துமணிப்பூ, கொரியன் புல் எல்லாம் கோவை நர்சரிகளில் கிடைக்கும். 18 மீட்டர் உயரத் தென்னை இந்த அளவில் 80 செ.மீ.; அதைச் செடியால் காட்ட முடியாது, செய்துதான் வைக்க வேண்டும். தண்ணீருக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுங்கள். தெளிப்பான் வேண்டாம்: போர்வெல் தண்ணீரின் உப்பு ரயிலிலும் தண்டவாளத்திலும் வெள்ளைத் திட்டாகக் காய்ந்து நிற்கும், தேய்த்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

சுரங்கம் வைப்பதானால் கை நுழையும் அளவுக்கு ஒரு பக்கம் திறப்பு விடுங்கள். பல்லியும் குளவியும் குடியேறும். ரயிலும் பெரும்பாலும் அதற்குள்தான் நிற்கும்.

ஊட்டி ரயிலின் பல்சக்கர ஏற்றத்தையும் வைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். கல்லாறு–குன்னூர் இடையே மலை ரயில் அதிகபட்சமாகச் சுமார் 12 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏறுகிறது. சாதாரணச் சக்கரம் அதில் வழுக்கும் என்பதால்தான் நடுவில், எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொள்ளும் ஆப்ட் முறைப் பற்சட்டம். தோட்ட அளவிலும் எல்ஜிபி பற்சட்டமும் அதற்கான எஞ்சின்களும் விற்கிறது. உங்கள் நீளப் பக்கத்து நேர்ப்பகுதி 5.5 மீட்டர், அதே சரிவில் அது 46 செ.மீ. ஏறும். ஆனால் அதைச் சுற்றுப்பாதையில் சேர்க்காதீர்கள். மதில் ஓரமாகத் தனிக் கிளையாக, பிறகு கட்டுங்கள். பற்சட்டம் இல்லாத பாதையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் ஏற்றம் கொடுத்தால் இழுக்கும் பெட்டிகளின் எண்ணிக்கை சட்டென்று குறையும். அந்தக் கிளை வரும் நாளில், எஞ்சினைக் கீழ்ப்பக்கம் வைத்துப் பெட்டிகளைத் தள்ளச் சொல்லுங்கள். நீலகிரியில் அப்படித்தான் ஓடுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின்மேல் சாய்ந்து நிற்குமே தவிர, உருண்டு ஓடிவிடாது.

இடையில் ஒரு குறிப்பு, மொட்டை மாடியில் கட்ட நினைக்கும் மற்றவர்களுக்காக: மேலே சொன்ன கல்லும் கான்கிரீட்டும் உங்களுக்கு இல்லை. எடை குறைந்த ஜிஐ சட்டமும் சிமென்ட் ஃபைபர் போர்டும் போதும். தளத்தில் துளை போட்டு எதையும் பொருத்தாதீர்கள். நீர்க்கசிவுக்கு அதுவே வாசல்.

காலத்தைப் பொறுத்தவரை, தூண்களை ஆடிக்குள் நிறுத்திவிடுங்கள். தகடும் பலகையும் ஏற்றி, தண்டவாளம் போடாமல், வடகிழக்குப் பருவமழை முழுவதையும் அதன்மேல் பெய்ய விடுங்கள். கரிசல் உப்ப வேண்டியதை உப்பி, தூண்கள் எங்கே உட்கார விரும்புகின்றனவோ அங்கே உட்காரும். தை பிறந்ததும் டியூப் லெவலை எடுத்துச் சுவர்க் குறியிலிருந்து எல்லாத் தூண்களையும் மறுபடி அளந்து, நட்டுகளைத் திருத்தி, அதன் பிறகு தண்டவாளம். அந்த மழை மாதங்களில் அப்பாவும் மகளும் சும்மா இருக்க வேண்டியதில்லை. போர்டு எழுதும் கடைகளில் கிடைக்கும் 3 மி.மீ. பிவிசி ஃபோம் ஷீட், ஒரு கட்டர், ஓர் இரும்பு அளவுகோல், வாங்கிய நான்கு சக்கர அடிச்சட்டம் ஒன்று: இவ்வளவு இருந்தால் நீலமும் கிரீமும் அடித்த ஒரு மலை ரயில் பெட்டியைச் சாப்பாட்டு மேசையிலேயே கட்டிவிடலாம். எஞ்சினை மாசியில் வாங்கலாம்.